தொடவா, எழுதவா? இருவடிவ மடிக்கணிப்பொறி: ஒரு மதிப்பீடு

கல்லூரியில் சேரும் மாணவருக்கும், அலுவலக வேலையை வீட்டிலிருந்து கவனிப்பவருக்கும் மடிக்கணிப்பொறி இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஒரு சாதாரணக் குடும்பம் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இதை வாங்குகிறது. பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால் படிப்பு முடியும் வரை அதனுடனேயே காலந்தள்ள வேண்டும். ஆகவே பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

கடைக்குச் சென்றால் விற்பனையாளர் ஒரு தனி வகையை எடுத்துக் காட்டுவார். அதன் திரையைப் பின்புறமாக முழுவதும் மடக்கிவிடலாம். விசைப்பலகை அடிப்பக்கம் போய்விட, அது சிலேட்டைப் போன்ற டேப்லெட் ஆகிவிடும். திரையை விரலால் தொட்டும் இயக்கலாம். 'கன்வெர்ட்டிபிள்' என்றும் 'டூ-இன்-ஒன்' என்றும் அதைச் சொல்கிறார்கள். இக்கட்டுரையில் அதை இருவடிவக் கணிப்பொறி என்று அழைப்போம்.

'ஒன்றை வாங்கினால் இரண்டு' என்பதுதான் இதற்காகச் சொல்லப்படும் வாதம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை இங்கே காண்போம். முடிவை முதலிலேயே கூறிவிடலாம். விரலால் தொடும் வசதிக்காக மட்டும் இருவடிவக் கணிப்பொறி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. பேனாவால் எழுதும் வசதிக்காக வாங்கினால் அது சிலருக்கு மிகச் சிறந்த கருவி. இப்படிக் கூறுவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய ஆசை

தொடுதிரை புதிய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் மால்வர்ன் என்னும் ஊரிலிருந்த அரசு ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் 1965-ஆம் ஆண்டிலேயே விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்குப் பயன்படவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

1972-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கே என்ற அறிஞர், குழந்தைகள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய புத்தக அளவுள்ள கணிப்பொறி ஒன்றைக் கற்பனை செய்தார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயரிட்டார். அந்தக் காலத்துக் கணிப்பொறிகள் அறையை அடைத்துக்கொண்டு நின்றன. எனவே டைனாபுக் காகிதத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் ஆசை நிற்கவில்லை. 1983-இல் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் 'எச்.பி.-150' என்னும் மேசைக் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் திரையைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. விரல் எந்தக் கதிரை மறிக்கிறதோ, அதைக் கொண்டு தொட்ட இடத்தைப் பொறி அறிந்துகொண்டது.

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பேனாவால் இயக்கும் கணிப்பொறிகளுக்கெனத் தனி விண்டோஸ் பதிப்பை வெளியிட்டது. அக்காலத்தில் திரையை ஓர் அச்சில் திருப்பிக் கவிழ்க்கும் மடிக்கணிப்பொறிகள் சில வந்தன. அவை கனமாகவும் விலை மிகுந்தும் இருந்தமையால் பொதுமக்களைச் சென்றடையவில்லை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளிவந்தபோதுதான் நிலைமை மாறியது. அவ்வாண்டில் லெனோவா நிறுவனம் வெளியிட்ட 'யோகா' மாடலின் திரை 360 பாகை சுற்றியது. இன்று கடைகளில் காணும் இருவடிவக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். விரலும் பேனாவும் தனித்தனி வழிகளில் வந்து ஒரே திரையில் சேர்ந்துள்ளன. விளம்பரம் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறது. நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விரலும் கையும்

இன்றைய தொடுதிரைக் கண்ணாடியில் மின்சாரம் கடத்தும், ஆனால் ஒளியை மறைக்காத மெல்லிய பூச்சு உள்ளது. இந்தியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்தது அது. நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகளைப் போல அது இழைக்கப்பட்டிருக்கும். நம் உடல் மின்னூட்டத்தை ஏற்கக் கூடியது. விரல் கண்ணாடியைத் தொட்டதும் அவ்விடத்தில் மின்தேக்குதிறன் சிறிது மாறுகிறது. எந்த நெடுக்குக் கோடு, எந்தக் குறுக்குக் கோடு என்று கணக்கிட்டுத் தொட்ட இடம் கண்டறியப்படுகிறது.

கைப்பேசியில் இது அருமையாக வேலை செய்கிறது. காரணம் என்ன? கைப்பேசி உள்ளங்கையில் கிடக்கிறது. கட்டைவிரல் மட்டும் அசைந்தால் போதும். மடிக்கணிப்பொறியில் நிலைமை வேறு. திரை உங்கள் முன் செங்குத்தாக நிற்கிறது. அதைத் தொட முழங்கையை உயர்த்தி, முழுக் கையையும் நீட்ட வேண்டும். மனிதனின் ஒரு கை உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் கையின் எடை மூன்று கிலோ. மூன்று கிலோவைத் தூக்கித் தூக்கி எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? இந்தக் களைப்பைப் பொறியாளர்கள் நெடுநாளாக அறிவர். 'கொரில்லாக் கை' என்று கேலியாக அதற்கு ஒரு பெயரும் உண்டு. செங்குத்தான திரையைத் தொட்டு இயக்குவது கையைக் களைக்கச் செய்யும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் வெளிப்படையாகவே கூறினார்.

மற்றொரு சிறு இடையூறும் உண்டு. திரையைக் குத்தும்போது அது பின்னோக்கி ஆடும். ஆடாமலிருக்கக் கீலை இறுக்கமாகச் செய்தால் ஒரு கையால் திறக்க முடியாது. மேலும், கட்டுரை எழுதுவதற்கும் கணக்குப் பட்டியல் தயாரிப்பதற்கும் நிரல் எழுதுவதற்கும் விரல் நுனி மிகப் பருமனானது. இரண்டு எழுத்துகளுக்கு இடையே சுட்டியை வைக்க மவுஸே எளிது. ஆகவே மடிக்கணிப்பொறியாக வைத்துப் பயன்படுத்தும்போது தொடுதிரை எப்போதாவது உதவும், அவ்வளவே.

டேப்லெட் ஆகிறதா?

அப்படியானால் முழுவதும் மடக்கி டேப்லெட்டாகப் பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எடை குறுக்கிடுகிறது.

பதினான்கு அங்குலத் திரையுள்ள இருவடிவக் கணிப்பொறி ஏறக்குறைய 1.4 கிலோ இருக்கும். அதை மடக்கி, புத்தகத்தைப் போல நிமிர்த்து, ஒரு பக்க ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். எடை முழுவதும் ஓரத்திலிருந்து சுமார் 11 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஈர்ப்பு மையத்தில் இறங்குகிறது. அப்போது மணிக்கட்டின் மீது ஏறக்குறைய 1.5 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை செயல்படும். அரைக் கிலோ எடையும் 18 சென்டிமீட்டர் அகலமும் உள்ள டேப்லெட்டில் இதே கணக்கைப் போட்டால் 0.45-க்குக் கீழே வரும். அதாவது இருவடிவக் கணிப்பொறி மணிக்கட்டை மூன்று மடங்குக்கு மேல் திருகுகிறது. படுக்கையில் சாய்ந்து நாவல் படிக்க இது ஏற்றதன்று. மேசை மீதோ மடி மீதோ வைத்தே இதைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது திரையின் வடிவம். நீங்கள் படிக்கும் பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் ஏ4 தாள் அளவில் உள்ளவை. அத்தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 16:9 விகிதத்திலுள்ள பதினான்கு அங்குலத் திரையை நெட்டுவாக்கில் வைத்தால் அதன் அகலம் 17.4 சென்டிமீட்டர்தான். எனவே பக்கம் 83 விழுக்காடாகச் சுருங்கிவிடும். மேலும் கீழும் இடம் வீணாகக் கிடக்கும். அதே பதினான்கு அங்குலத்தில் 16:10 விகிதத் திரையானால் அகலம் 18.8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பக்கம் 90 விழுக்காட்டு அளவில் தெரியும். நுண்ணிய அடுக்குக்குறிகள் நிறைந்த கணிதப் பக்கத்தைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் தெரியும். ஆகவே படிப்பதற்கு வாங்குவோர் 16:10 அல்லது 3:2 விகிதத் திரையையே கேட்க வேண்டும்.

திரையை விசைப்பலகையிலிருந்து கழற்றும் வகையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் 'சர்ஃபேஸ் புரோ' இதற்கு நல்ல உதாரணம். 2014-இல் வந்த அதன் மூன்றாம் மாடல் 3:2 விகிதத் திரையுடன் 800 கிராம் எடையே இருந்தது. டேப்லெட்டாகப் பிடிக்க அது எளிது. ஆனால் எடையெல்லாம் திரையில் இருப்பதால் பின்புறம் ஒரு முட்டுக்கால் கொடுத்தே நிறுத்த வேண்டும். மேசையில் நன்றாக நிற்கும். மடியில் வைத்துத் தட்டச்சு செய்வது சிரமம். விசைப்பலகையைப் பெரும்பாலும் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பேனாவின் பெருமை

இதுவரை குறைகளையே கூறினோம். இனி நிறைக்கு வருவோம்.

இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் லென்ஸின் வழியே செல்லும் ஒளிக்கதிர்களைக் கரும்பலகையில் வரைகிறார். பக்கத்திலேயே சமன்பாடு எழுதுகிறார். அதற்கடியில் தமிழில் ஒரு வரி விளக்கம். இந்த மூன்றையும் விசைப்பலகையால் அதே வேகத்தில் பதிவு செய்ய யாராலும் முடியாது. வரைபடத்துக்கு ஒரு மென்பொருள், சமன்பாட்டுக்கு மற்றொன்று, தமிழுக்குத் தனி விசையமைப்பு என்று தாவ வேண்டும். அதற்குள் ஆசிரியர் பலகையை அழித்துவிடுவார். பேனாவோ மூன்றையும் ஒரே கையோட்டத்தில் எழுதிவிடுகிறது. வேதியியலில் பென்சீன் வளையம், உயிரியலில் செல்லின் படம், பொறியியலில் மின்சுற்று, கணிதத்தில் தொகையீடு ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இணையவழி வகுப்பு நடத்தும் ஆசிரியருக்குத் திரையே கரும்பலகையாகிவிடுகிறது. கட்டுரைகளைத் திருத்துவோர் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். இவ்வேலைகளுக்குத் திரையை முழுவதும் மடக்கி மேசை மேல் சாய்வாக வைக்க வேண்டியிருக்கிறது. சுற்றும் கீலின் உண்மையான பயன் இதுதான்.

கையால் குறிப்பெடுத்தால் பாடம் நன்றாக மனத்தில் பதியும் என்று பலரும் கூறக் கேட்டிருப்பீர்கள். 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் காகிதத்தில் எழுதிய மாணவர்களையும் விசைப்பலகையில் பதிந்த மாணவர்களையும் ஒப்பிட்டனர். கருத்தைச் சோதிக்கும் வினாக்களில் கையால் எழுதியவர்கள் சிறப்பாக விடையளித்தனர். தட்டச்சு செய்தவர்கள் பேச்சை அப்படியே பதிந்ததே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். ஆனால் 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே 'பேனா வாங்கினால் மதிப்பெண் கூடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுத முடியாததை எழுத முடிகிறது என்பதே பேனாவுக்குப் போதுமான பெருமை.

பேனாக்கள் எல்லாம் ஒரே வகையல்ல. முதல் வகை, ரப்பர் நுனியுள்ள மலிவான குச்சி. திரைக்கு அது மற்றொரு விரல்தான். அழுத்தத்தை அறியாது, எழுதும்போது ஊன்றும் உள்ளங்கையையும் அதையும் திரையால் பிரித்தறிய முடியாது. குறிப்பெடுக்க இது பயன்படாது. இரண்டாம் வகைப் பேனாவுக்குள் சிறு மின்கலம் உண்டு. அது திரைக்குத் தானே சைகை அனுப்புகிறது. மூன்றாம் வகை ஜப்பானிய வாக்கம் நிறுவனம் வளர்த்த முறை. திரைக்கு அடியில் உள்ள கம்பிச்சுருள் வலை மின்காந்த அலையைப் பரப்புகிறது. பேனாவிலுள்ள சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. இவ்வகைப் பேனாவுக்கு மின்கலம் வேண்டாம். பின்னிரண்டு வகைகளும் அழுத்தத்தை உணரும்; பேனா அருகில் வந்ததும் உள்ளங்கையை ஒதுக்கிவிடும். ஆனால் ஒரு முறையின் பேனா மற்றொரு முறையின் திரையில் எழுதாது. உங்கள் மாடலுக்கு எந்தப் பேனா, அது பெட்டிக்குள் இருக்கிறதா, தனியே வாங்க வேண்டுமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சில மாடல்களில் திரையைத் தொடலாம். நல்ல பேனா எதுவும் பொருந்தாது. அவற்றை வாங்குவதில் பொருளில்லை.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு சொல். பேனாவால் எழுதிய தமிழ் திரையில் ஒரு படமாகவே நிற்கிறது. அதைத் தட்டச்சு எழுத்தாக மாற்றுவது மென்பொருளின் தனித் திறமை. எல்லா மென்பொருள்களும் தமிழில் அதைச் செய்வதில்லை. மாற்றாவிட்டால் பிறகு அந்தக் குறிப்பில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. நீண்ட தமிழ்க் கட்டுரைக்கு விசைப்பலகையே சிறந்தது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் பிரிக்கப்பட்டுள்ளன. சில வாரங்கள் பழகினால் கை தானே ஓடும். பேனா இருக்கிறதே என்று தட்டச்சைக் கற்காமல் விட்டுவிடாதீர்கள்.

விலை எங்கே போகிறது?

உங்களிடமுள்ள தொகை ஓர் அளவுக்கு உட்பட்டது. சுற்றும் கீல், தொடும் கண்ணாடி, பேனாவை உணரும் பகுதி ஆகியவற்றுக்கு அதில் ஒரு பங்கு போகிறது. விலை உயர்ந்த மாடலில் இது தெரியாது. நடுத்தர விலையில் விற்க வேண்டுமானால் உற்பத்தியாளர் வேறெங்காவது குறைக்கத்தான் செய்வார். பெரும்பாலும் நினைவகத்திலும் திரையின் ஒளியிலும் குறைப்பார்.

நினைவகம் 8 ஜிகாபைட் உள்ள பொறி இன்றைய வேலைக்கு ஒருவாறு போதும். நான்காண்டுகள் உழைக்க வேண்டுமானால் 16 வேண்டும். சாதாரண மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் பின்னால் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய இருவடிவக் கணிப்பொறிகளிலோ அது பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கும் அன்று இருப்பதே கடைசி வரை.

பளபளப்பான கண்ணாடி, தன் மீது நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகமே திரையில் தெரியும். அதை மீறித் தெரியத் திரையின் சொந்த ஒளி மிகுந்திருக்க வேண்டும். விவரப் பட்டியலில் இது 'நிட்' என்ற அலகில் குறிக்கப்பட்டிருக்கும். 250 நிட் அறைக்குள் போதும். பகல் வெளிச்சத்தில் படிக்க 400 அளவு இருப்பது நலம்.

பழுதையும் எண்ணிப் பாருங்கள். தொடுகண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் மேலே விரிசல் விழுந்தாலும் பல மாடல்களில் முழுத் திரையையும் மாற்ற நேரும். திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பிகள் கீலின் வழியே போகின்றன. நாள்தோறும் முழுச் சுற்று மடக்கினால் தேய்மானமும் கூடுதலாகும். வாங்குமுன் உங்கள் ஊரில் பழுது பார்க்கும் நிலையம் உண்டா என்று விசாரியுங்கள்.

யாருக்கு வேண்டும்?

கணிதம், இயற்பியல், வேதியியல், மருத்துவம், கட்டடக்கலை, பொறியியல் ஆகியவற்றைப் பயில்வோர், ஓவியம் வரைவோர், பாடம் நடத்துவோர், ஆவணங்களைத் திருத்தி ஒப்பமிடுவோர் ஆகியோருக்கு இருவடிவக் கணிப்பொறி உண்மையிலேயே பயன்படும். நாள்தோறும் அரைமணி நேரமாவது பேனாவால் எழுதுவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 'ஆம்' என்றால் தயங்காமல் வாங்கலாம்.

வணிகவியல், சட்டம், இலக்கியம், நிரலெழுதுதல் ஆகியவற்றில் ஈடுபட்டோர்க்கு விசைப்பலகையும் நினைவகமும்தான் முக்கியம். அவர்கள் அதே தொகைக்கு வலுவான சாதாரண மடிக்கணிப்பொறி வாங்குவதே அறிவுடைமை. இடையிடையே படம் வரைய வேண்டியிருந்தால் சில ஆயிரம் ரூபாய்க்கு, திரையில்லாத தனி வரைபலகை ஒன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலுமாகப் பழகச் சில நாட்களாகும். ஆனால் கணிப்பொறி மாறினாலும் பலகை கூடவே வரும்.

பழைய பொறியை வாங்க எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10 பதிப்புக்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது. இன்டெல் செயலி உள்ளவற்றில், சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய இருவடிவக் கணிப்பொறிகள் பல இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

கடையில் ஐந்து சோதனைகள்

ஒன்று: உள்ளங்கையைத் திரையில் நன்றாக ஊன்றிப் பேனாவால் பத்து வரி எழுதுங்கள். நடுவே வேண்டாத கீறல் விழுந்தால் அந்த மாடல் வேண்டாம்.

இரண்டு: அளவுகோலை வைத்து மெதுவாக ஒரு சாய்கோடு இழுங்கள். கோடு அலை அலையாக நெளிந்தால் படம் வரைய அது உதவாது.

மூன்று: திரையை நிமிர்த்தி வைத்து விரலால் தட்டுங்கள். நெடுநேரம் ஆடினால் கீல் தளர்வானது.

நான்கு: மடக்கிய நிலையில் ஐந்து நிமிடம் கையிலேயே வைத்திருங்கள். எடையைக் காகிதத்தில் படிப்பது வேறு, கையால் உணர்வது வேறு.

ஐந்து: ஒரு பக்கம் தட்டச்சு செய்யுங்கள். எத்தனை வடிவம் எடுத்தாலும் நீங்கள் அதிக நேரம் பயன்படுத்தப்போவது விசைப்பலகையைத்தான்.

கடைக்காரர் எழுதிப் பார்க்க அனுமதிக்கவில்லையானால் வேறு கடைக்குச் செல்லுங்கள்.

இருவடிவக் கணிப்பொறி ஏமாற்று வேலையன்று. எல்லாருக்கும் ஏற்ற பொருளும் அன்று. கீல் எத்தனை பாகை சுற்றுகிறது என்பதைவிட, உங்கள் ஒரு நாள் வேலையில் கோடும் படமும் சமன்பாடும் எவ்வளவு என்பதே முக்கியம். கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு வாரம், நீங்கள் தாளில் என்னென்ன எழுதுகிறீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். எதை வாங்குவது என்பதை அந்தப் பட்டியலே உங்களுக்குச் சொல்லிவிடும்.